ஷாஸ்டா டெய்சி மூன்றாம் ஆண்டில் பூக்கத் தயங்குவது ஏன்? நடவு முதல் தூர் பிரிப்பது வரை

வெள்ளை இதழும் மஞ்சள் நடுவட்டும் கொண்ட ஷாஸ்டா டெய்சியை நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் செடி கொள்ளாமல் பூத்தது என்றும், மூன்றாம் ஆண்டில் தூர் நன்றாகப் பெருத்திருந்தும் பூக்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்றும், தூரின் நடுவில் தளிரே இல்லாமல் வெற்றிடமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உரத்தைக் கூட்டிப் பார்த்ததில் இலை மட்டும் செழித்துத் தண்டுகள் சாய்ந்துவிட்டன என்பதையும் குறிப்பிட்டு, செடியின் ஆயுள் முடிந்துவிட்டதா, அடுத்த குளிர்காலத்தைத் தாங்குமா, விதை எடுத்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செடிக்கு நோய் எதுவும் இல்லை. அதன் தூரைப் பிரித்து நடும் காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். தண்டு சாய்ந்ததற்கு நீங்கள் கூட்டிய உரமே பெரும்பாலும் காரணம். குளிரைச் செடி தாங்கும், ஆனால் குளிர்காலத்தில் தூரில் தேங்கும் ஈரத்தைத் தாங்காது. பல ரகங்களில் விதையிலிருந்து இதே செடி வராது. இனி ஒவ்வொன்றையும் காரணத்தோடு விளக்குகிறேன். காரணம் புரிந்துவிட்டால் எந்தத் தோட்டத்திலும் எந்தப் பருவத்திலும் என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் இந்தச் செடியின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் பராமரிப்பு முறை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஷாஸ்டா டெய்சி காட்டில் தானாக முளைத்த செடி அன்று. கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் வாழ்ந்த செடி வளர்ப்பாளர் லூதர் பர்பேங்க் 1884-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் கலப்பு செய்து, 1901-இல் வெளியிட்ட கலப்பினம் இது. ஐரோப்பியப் புல்வெளிகளில் மண்டி வளரும் ஆக்ஸ் ஐ டெய்சி, பிரனீஸ் மலைத்தொடரைச் சேர்ந்த பெரிய பூ டெய்சி, போர்ச்சுகலைச் சேர்ந்த மற்றோர் இனம், இவற்றோடு வெண்மைக்காக ஜப்பானிய நிப்பான் டெய்சி என்று நான்கு செடிகளை அவர் பயன்படுத்தினார். பனி மூடிய ஷாஸ்டா மலையின் வெண்மையை நினைத்து அந்தப் பெயரையே வைத்தார். புல்வெளி, மலைச்சரிவு, கடலோரம் என்று இதன் மூதாதையர் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் வெயில் படுபவை, நீர் தேங்காதவை. அந்தக் குணத்தைக் கலப்பினமும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் தூரின் நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கு வருவோம். ஷாஸ்டா டெய்சியின் இலைகள் தரையை ஒட்டி வட்டமான கொத்துகளாக வளர்கின்றன. ஒவ்வொரு கொத்தும் மண்ணுக்குச் சற்றுக் கீழே கிடக்கும் தடித்த அடித்தண்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. பூத்தண்டு ஒரு கொத்தின் நடுவிலிருந்து எழுந்து பூத்து முடிந்ததும், அந்தக் கொத்தின் வேலையும் முடிந்துவிடுகிறது. அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் புதிய கொத்துகளே அடுத்த ஆண்டு பூக்க வேண்டும். புதியவை எப்போதும் வெளிப்புறமாகவே நகர்வதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் நடுப்பகுதி முழுவதும் பூத்து ஓய்ந்த கட்டைகளாகிவிடுகிறது. அதே நேரத்தில் விளிம்பில் முளைத்த கொத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்கும் நீருக்கும் போட்டி போடுகின்றன. தூர் பெருத்தும் பூ குறைந்ததன் காரணம் இதுதான். இப்படியே விட்டுவிட்டால் செடி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மெலிந்து போய்விடும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிரித்து நட்டு வந்தால் அதே செடியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். பல்லாண்டுச் செடி என்று நம்பி நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பவர்களிடம் இது நிலைப்பதில்லை. ரோஜாவைக் கவாத்து செய்வது எவ்வளவு இயல்பான வேலையோ, அவ்வளவு இயல்பான வேலையாக இதன் தூரைப் பிரிப்பதையும் கொள்ள வேண்டும்.

பிரிப்பதற்கு ஏற்ற காலம் குளிர் விலகிப் புதுத்தளிர்கள் ஒரு விரல் நீளத்துக்கு வந்திருக்கும் வசந்தத்தின் தொடக்கம். கோடை முடிந்த பிறகு, நிலம் உறையத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் இருக்கும்போதும் பிரிக்கலாம். நட்ட துண்டுகள் குளிருக்கு முன் வேர் பிடித்தாக வேண்டும் என்பதே அந்த ஆறு வாரக் கணக்கின் நோக்கம். பூக்கும் பருவத்திலும் கடும் வெயிலிலும் தூரைத் தொடாதீர்கள். களிமண் நிலத்தில் குளிர்காலம் ஈரமாக இருக்குமென்றால், இரண்டில் வசந்தத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.

முந்தின நாள் மாலையே தூருக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன், தூரின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கிச் சுற்றிலும் வெட்டி, அடியில் நெம்பி முழுத் தூரையும் வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். வேர்கள் ஆழமாகப் போகாமல் பாய் பின்னியதுபோல் மேலாகவே பரவியிருப்பதைக் காண்பீர்கள். மண்ணைக் கையால் உதிர்த்ததும் பழையதும் புதியதும் தானாகவே பிரிந்து தெரியும். நடுவில் இருக்கும் அடித்தண்டுகள் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் கட்டையாகவோ உள்ளே பொள்ளலாகவோ இருக்கும். அவற்றிலிருந்து வரும் வேர்கள் கறுத்திருக்கும். விளிம்பில் இருக்கும் கொத்துகளின் அடியிலோ வெண்மையான, நூல் தடிமனுள்ள புதுவேர்கள் தெரியும். பெரும்பாலான இடங்களில் கையாலேயே பிய்த்துவிடலாம்; கட்டிப்பட்ட இடத்தில் மட்டும் கூர்மையான கத்தி தேவைப்படும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து இலைக்கொத்துகளும் அவற்றுக்குரிய வெண்வேரும் இருக்கும்படி பிரித்துக்கொண்டு, நடுக்கட்டையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். அதையும் ஓர் ஓரத்தில் நட்டு வைத்தால் பிழைத்துக்கொள்ளுமே என்ற எண்ணம் வரும். அது பிழைத்தாலும் பூக்காது, வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

பிரிக்கும்போது ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். தூரின் அடியில், மண்மட்டத்தில், காலிஃபிளவர் போல் நெருக்கமாகத் திரண்ட மிகச் சிறிய, தடித்த, வளர்ச்சி குன்றிய தளிர்க்கூட்டம் இருந்தால், அது செழிப்பின் அடையாளம் அன்று. ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் கழலை நோயின் அடையாளம். அத்தகைய செடியைப் பிரித்து நடக் கூடாது. நோய் ஒவ்வொரு துண்டோடும் போகும், கத்தியோடும் போகும். செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, கருவிகளைச் சாராயக் கரைசலாலோ வெளுப்புக் கரைசலாலோ துடைத்துவிட்டு, அந்த இடத்தில் டெய்சி வகை எதையும் நடாமல் வேறு செடியை நடுவதே முறை.

நல்ல துண்டுகளை எடுத்த கையோடு நட்டுவிட வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் கிடந்தாலும் மெல்லிய வேர்கள் காய்ந்துவிடும். குட்டை ரகங்களுக்கு 30 செ.மீ., உயரமான ரகங்களுக்கு 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். நட்ட புதிதில் பாத்தி வெறிச்சோடித் தெரியும், இரண்டாம் ஆண்டில் இடைவெளியே தெரியாது. ஆழம்தான் முக்கியம். இலைக்கொத்தின் அடிப்பகுதி முன்பு இருந்த அதே மட்டத்தில், அதாவது மண்ணின் மேற்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தூர் அழுகும், மேலே தூக்கி நட்டால் வேர் காயும். நட்ட பின் கையால் அழுத்தித் தண்ணீர் விட்டு, புதுத்தளிர் வரும் வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குளிரைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டலப் பட்டியலில் இந்தச் செடி பொதுவாக 5 முதல் 9 வரையான மண்டலங்களுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. மண்டலம் 5 என்பது குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 23 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடிய இடம். ஆகவே பனியால் மட்டும் செடி சாவது குறைவு. வசந்தத்தில் தளிர் வராத தூரைத் தோண்டிப் பார்த்தால், அடித்தண்டு கூழாகி நாற்றம் அடிப்பதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். வளர்ச்சி நின்றுபோன குளிர்காலத்தில் செடி நீரை உறிஞ்சுவதில்லை. மண்ணில் தேங்கும் நீர் காற்றை வெளியேற்றிவிடுகிறது. மூச்சு முட்டிய வேரில் பூஞ்சை ஏறுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஷாஸ்டா டெய்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது வெயிலைப் பார்ப்பதற்கு முன் வடிகாலைப் பாருங்கள் என்று சொல்வேன்.

அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பிச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் நின்றிருந்தால் அது டெய்சிக்கான இடம் அன்று. வேறு இடமே இல்லையென்றால் மண்ணை உயர்த்தி 15 முதல் 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி அமைத்து, மட்கிய இலை உரத்தையோ நன்கு மட்கிய தொழு உரத்தையோ பாத்தி முழுவதும் சீராகக் கலந்துவிடுங்கள். குழியின் அடியில் மட்டும் சரளைக்கல்லைக் கொட்டும் வழக்கம் பலரிடம் இருக்கிறது; அதனால் வடிகால் கூடுவதில்லை. மென்மண்ணில் நிற்கும் நீர் சரளையின் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது, மேல் அடுக்கு முழுதும் நனைந்து தெவிட்டும் வரை அங்கேயே தங்கிவிடும். வேர் இருக்கும் உயரத்துக்கே ஈரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலையைத்தான் அந்தச் சரளை செய்கிறது. மண்ணின் கார அமில அளவு 6.5 முதல் 7.5 வரை இருந்தால் செடிக்கு நிறைவு. சற்று முன்பின் இருந்தாலும் அது பொருட்படுத்தாது.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கோடை மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைத்தால் பூக்கள் கருகாமல் நெடுநாள் நிற்கும். ஆனால் நாள் முழுதும் நிழல் என்றால் தண்டு ஒளியைத் தேடி நீண்டு மெலிந்து வளைந்துவிடும்.

தண்டு சாய்வதைப் பற்றிப் பேசும்போது உரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பூக்கவில்லையே என்று உரம் போடுவது இயல்பான எண்ணம்தான். ஆனால் தழைச்சத்து மிகுந்த உரம் செடியை இலை வளர்ப்பதற்கே தூண்டும். தண்டின் உள்ளே நார் இறுகுவதற்கு முன் நீளம் கூடிவிடும். அதன் உச்சியில் ஓர் உள்ளங்கை அகலப் பூ வந்து உட்கார்ந்து மழையில் நனைந்தால், தண்டு மடியாமல் என்ன செய்யும்? அதோடு, கொழுகொழுவென்ற தளிர்களைத் தேடித்தான் அசுவினியும் வரும். நடுத்தரமான மண்ணில் இருக்கும் ஷாஸ்டா டெய்சிக்கு, வசந்தத்தில் தூரைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு மட்கு உரம் பரப்பினால் ஆண்டு முழுதுக்கும் போதும். மண் மிகவும் மணற்பாங்காக இருந்தால் மட்டும், மெதுவாகக் கரையும் சமச்சத்து உரம் சிறிதளவு அதே நேரத்தில் சேர்க்கலாம். இந்த ஆண்டு நீங்கள் எந்த உரமும் போடாமல் இருப்பதே செடிக்குச் செய்யும் நன்மை.

சாய்வைத் தடுக்க உரத்தைக் குறைப்பதோடு மற்றொரு வழியும் இருக்கிறது. வசந்தத்தின் பிற்பகுதியில், மொட்டு தெரிவதற்கு முன், தண்டுகளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட்டால், அடியிலிருந்து கிளைகள் பிரிந்து செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் வளரும். பூ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும், அளவிலும் சற்றுச் சிறுக்கும். எண்ணிக்கையில் அதை ஈடுகட்டிவிடும். தூரின் முன்பாதித் தண்டுகளை மட்டும் நறுக்கி, பின்பாதியை விட்டுவைத்தால், பின்வரிசை முதலிலும் முன்வரிசை பிறகும் பூத்துப் பருவம் நீளும். எனக்குப் பிடித்த முறை இதுவே. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட செடிக்குக் குச்சிகளை நட்டுக் கயிற்றால் வளையம் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தண்டு சாய்வதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். சாய்ந்த தண்டின் நுனி ஓரிரு நாளிலேயே மேல்நோக்கி வளைந்துகொள்ளும், பிறகு நிமிர்த்திக் கட்டினால் பூ கோணலாகத்தான் நிற்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, நட்ட முதல் ஆண்டில் வாரத்துக்கு 2.5 செ.மீ. அளவு ஈரம் மழையாகவோ பாய்ச்சலாகவோ கிடைக்க வேண்டும். வேர் பிடித்த பிறகு செடி ஓரளவு வறட்சியைத் தாங்கும், ஆனால் மொட்டு விடும் காலத்தில் மண் முழுதும் காய்ந்தால் பூ சிறுக்கும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பின் ஆழமாக ஒரு முறை பாய்ச்சுவது நல்லது. தண்ணீரைத் தூரில் விடுங்கள். இலைமேல் தெளித்தால் இலைப்புள்ளி நோயை நீங்களே அழைத்து வந்ததாகும். மூடாக்கு போடும்போதும் அது தண்டின் அடியைத் தொடாமல் நான்கு விரல் விலகியே இருக்கட்டும்.

வாடிய பூவைக் கிள்ளுவது பலரும் அறிந்ததுதான், எப்போது கிள்ளுவது என்பதில்தான் குழப்பம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் சேர்ந்த தலைமஞ்சரி. சூரியகாந்திக் குடும்பம் முழுவதற்கும் இந்த அமைப்பு பொது. வெளியே தெரியும் ஒவ்வொரு வெள்ளை இதழும் ஒரு கதிர்மலர். நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஐந்து முனை கொண்ட குட்டிக் குட்டிக் குழாய்மலர்கள் நெருங்கி அடுக்கியிருப்பது தெரியும். அவை எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. வெளிவட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு வளையமாக உள்நோக்கி விரிந்துகொண்டு போகின்றன. நடுவட்டம் தட்டையாக, உள்ளே இன்னும் பச்சை கலந்து இருந்தால் பூ இளமையானது. வட்டு முழுதும் மேடிட்டுப் பழுப்பேறிவிட்டால், இதழ் வெள்ளையாக இருந்தாலும் பூவின் வேலை முடிந்து விதைக்கான வேலை தொடங்கிவிட்டது. அப்போதே வெட்டிவிடுங்கள். பூவின் கழுத்தை மட்டும் கிள்ளினால் மொட்டைத் தண்டுகள் ஈர்க்குக் குச்சிகளாக நிற்கும். கீழே அடுத்த பக்கமொட்டோ இலையோ இருக்கும் இடம் வரை இறங்கி வெட்ட வேண்டும். ஒரு தண்டில் மொட்டே மிச்சமில்லை என்றால் அதை அடி இலைக்கொத்து வரை வெட்டிவிடலாம். முதல் பூப்பு ஓய்ந்ததும் இப்படி மொத்தமாக வெட்டிவிட்டால், பல ரகங்கள் கோடையின் முடிவில் முதலாவதைவிடச் சிறிய இரண்டாம் பூப்பைத் தரும்.

குளிர்காலத்துக்கு முன் காய்ந்த தண்டுகளை வெட்டும்போது, அடியில் இருக்கும் பச்சை இலைக்கொத்துகளைத் தொடாதீர்கள். அடுத்த ஆண்டின் பூ அவற்றுக்குள்தான் இருக்கிறது. நிலம் உறையும் இடங்களில், உறைந்த பின்னரே வைக்கோலைத் தளர்வாகப் பரப்ப வேண்டும். பகலில் உருகியும் இரவில் உறைந்தும் மண் விம்மித் தணியும்போது ஆழமற்ற வேர்களை அது மேலே தூக்கிவிடும். வைக்கோல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறதே தவிர, செடிக்குச் சூடு தருவதில்லை. வசந்தம் தொடங்கியதும் அதை நீக்கிவிட வேண்டும்.

குளிர்காலமே இல்லாத வெப்பப் பகுதிகளில் இருப்பவர்கள் இதை வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷாஸ்டா டெய்சியின் பெரும்பாலான ரகங்கள் நீண்ட பகலில் பூப்பவை. பல வாரக் குளிரைக் கடந்து வந்த பிறகே நன்றாகவும் ஒரே சீராகவும் பூக்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 12 மணி நேரத்தைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. அங்கே சமவெளியில் இந்தச் செடி இலைக்கொத்தாகவே காலத்தைக் கழிக்கும், அல்லது சூடும் புழுக்கமும் சேர்ந்து தூரை அழுகச் செய்துவிடும். இரவில் நன்கு குளிரும் உயர்ந்த மலைப்பகுதிகளில் முயன்று பார்க்கலாம். சமவெளியில் டெய்சி வடிவப் பூதான் வேண்டும் என்றால், தென்னாப்பிரிக்கப் பூர்விகமுள்ள ஜெர்பரா அதற்கு எவ்வளவோ பொருத்தமானது. வெப்பமும் ஓரளவு புழுக்கமும் இருந்தும் குளிர்காலம் ஒன்று இருக்கும் இடங்களுக்கு, பெக்கி என்ற ரகம் மற்றவற்றைவிட ஏற்றது. மூன்றடி உயரம் வந்தும் தண்டு உறுதியாக நிற்கும். தாமதமாகத் தொடங்கி நெடுநாள் பூக்கும். பல்லாண்டுச் செடிகள் சங்கம் 2003-ஆம் ஆண்டின் செடியாக அதைத் தேர்ந்தெடுத்தது இந்தக் குணங்களுக்காகத்தான். காற்று வீசும் இடத்துக்கும் தொட்டிக்கும் சில்வர் பிரின்சஸ், ஸ்னோ லேடி போன்ற குட்டை ரகங்கள் போதும். அக்லேயா போன்ற அடுக்கு இதழ் ரகங்கள் அழகுதான் என்றாலும், மழையில் நனைந்தால் கனம் தாங்காமல் தலை கவிழ்ந்துவிடும். தேனீக்களுக்கும் நடுவட்டு மறைந்துவிடுவதால் பயன் குறைவு.

விதையைப் பற்றிய கேள்விக்கு விடை உங்களிடம் இருக்கும் ரகத்தைப் பொறுத்தது. பெக்கி போன்றவை தூர் பிரித்தும் தண்டுத்துண்டு வைத்தும் பெருக்கப்படுபவை. அவற்றின் விதையிலிருந்து வரும் நாற்றுகள் உயரத்திலும் பூவளவிலும் ஆளுக்கொரு விதமாக இருக்கும். அலாஸ்கா, ஸ்னோ லேடி போன்றவை விதையாகவே விற்கப்படுபவை. விதைக்கும்போது விதையைப் புதைக்காமல் ஈரமான நாற்றங்கால் மண்மேல் தூவி மெல்ல அழுத்துங்கள், முளைக்க வெளிச்சம் உதவும். 20 டிகிரி செல்சியஸ் சுற்றிலும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். பெரும்பாலானவை இரண்டாம் ஆண்டில்தான் முழுமையாகப் பூக்கும். ஸ்னோ லேடி முதலாண்டிலேயே பூப்பதற்குப் பெயர் பெற்றது. காட்டுப்பூக் கலவை என்று விற்கும் விதைப் பொட்டலங்களை மட்டும் கவனமாக வாங்குங்கள். அவற்றில் ஆக்ஸ் ஐ டெய்சி கலந்திருப்பதுண்டு. வட அமெரிக்காவின் பல மாநிலங்களில் தீங்கான களைப் பட்டியலில் இருக்கும் செடி அது. விதையாலும் வேராலும் பரவி மேய்ச்சல் நிலத்தையே பிடித்துக்கொள்ளும். ஷாஸ்டாவின் அடி இலை தடித்துப் பளபளப்பாக, விளிம்பில் பற்கள் மட்டுமே கொண்டிருக்கும். ஆக்ஸ் ஐயின் அடி இலை மெலிந்து, ஆழமாக மடல் மடலாகப் பிளந்திருக்கும், பூவும் பாதி அளவே.

பூச்சி நோய்த் தொல்லை இந்தச் செடிக்கு அதிகமில்லை. மொட்டுக்குக் கீழே அசுவினி மொய்த்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். விடாமல் வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை, தேனீ வராத மாலை நேரத்தில் தெளிக்கலாம். இலையில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தால் அது இலைத் துளைப்பான். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் தீர்ந்தது. இளந்தளிரை இரவில் நத்தை தின்னும். டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்தை நான் கண்டதில்லை. பழுப்புப் புள்ளிகள் அடி இலையிலிருந்து மேலேறினால், செடிகளுக்கிடையே காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். கழலை நோயைப் போலவே மருந்து இல்லாத இன்னொன்றும் உண்டு: இதழ்கள் வெண்மைக்குப் பதிலாகப் பச்சையாகி முறுக்கிக்கொண்டு, பூவிலிருந்தே இலை முளைப்பதுபோல் வந்தால், அது தத்துப்பூச்சிகள் பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோய். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அருகில் இருக்கும் மற்ற டெய்சிகளுக்கு அது தாவாமல் இருக்கும். அதற்கு மாறாக, ஏதோ ஒரு தண்டு மட்டும் நாடா போல் தட்டையாகி, உச்சியில் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிப் பிறந்தால் பயப்பட வேண்டாம். வளர்நுனியில் நேரும் பிறழ்ச்சி அது, பிடிக்கவில்லை என்றால் அந்தத் தண்டை வெட்டிவிட்டால் போதும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் குறைந்தது 30 செ.மீ. அகலமுள்ள, அடியில் துளைகள் அடைபடாத தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். வேர் சீக்கிரம் நிறைந்துவிடுவதால் அங்கே ஆண்டுதோறும் அல்லது ஓராண்டு விட்டு ஓராண்டு பிரிக்க வேண்டியிருக்கும். உறைபனி உள்ள இடங்களில் தொட்டியைக் குளிர்காலத்தில் சுவர் ஓரமாக, மழை நேரடியாக விழாத இடத்தில் வைக்கலாம்.

பூச்சாடிக்காக வெட்டுபவர்கள் விடியற்காலையில், நடுவட்டின் வெளிவளையம் மட்டும் விரிந்திருக்கும் பூக்களாகப் பார்த்து வெட்டுங்கள். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரத்துக்கும் மேல் நிற்கும். தண்ணீர் மாற்றுவதில் சோம்பல் பட்டால் பூவுக்கு முன் உங்கள் மூக்கு முறையிடும்: இந்தப் பூவுக்கு இயல்பாகவே பலருக்குப் பிடிக்காத ஒரு வாடை உண்டு, ஆகவே சாப்பாட்டு மேசையைவிடச் சன்னலோரம் அதற்குப் பொருத்தம். இந்தக் குடும்பச் செடிகளின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவதால், தூர் பிரிக்கும் நாளிலும் கவாத்து செய்யும் நாளிலும் கையுறை அணிந்துகொள்ளுங்கள். நாய், பூனை இலையைக் கடித்துத் தின்றால் வயிற்றுக் கோளாறு வரக்கூடும் என்பதால் அவை எட்டும் இடத்தில் வெட்டிய குப்பையைப் போட்டு வைக்காதீர்கள்.